கைக்குழந்தையும் கழனி வேலையும்
(சங்கராபுரத்தில் உழவர் குடும்பத்தினரிடையே ஆற்றிய உரை)



விதை நேர்த்தி, உர அளவு என்று ஏதாவது பேசுவேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் கழனிக்கு நாள்தோறும் வந்து போகும் ஒரு சிறிய ஆளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கைக்குழந்தையைத்தான் சொல்கிறேன்.

இந்த வட்டாரத்தில் நடவு, உளுந்துக் களையெடுப்பு, பருத்தி எடுப்பு எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையில்தான் நடக்கின்றன. மேற்கே கல்வராயன் மலையில் சாமைக் கொல்லைக்கும் மரவள்ளிக் கொல்லைக்கும் மேடு பள்ளமான ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்க வேண்டும். பிள்ளை பெற்ற தாய் சில மாதங்களிலேயே வேலைக்கு வந்துவிடுகிறாள். வீட்டில் மாமியாரோ அம்மாவோ இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் என்ன செய்கிறோம்? ஏழெட்டு வயதுப் பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் நிறுத்தி, குழந்தையை அவள் இடுப்பில் ஏற்றிவிடுகிறோம். சின்னதைப் பார்த்துக்கொள்ளப் பெரியதின் படிப்பை விலையாகக் கொடுக்கிறோம். 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று எழுதி வைத்தது. நம் சொந்தக் கழனியில் அப்படி யார் அமர்த்துவது?

ஆகவே குழந்தையும் கூடவே வருகிறது. எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி.

நம்மிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, மரக்கிளையில் சேலையைத் தொங்கவிட்டுக் குழந்தையைக் கிடத்துவது. ஏணை என்போம், தூளி என்றும் சொல்வோம். மற்றொன்று, குழந்தையைத் துணியால் உடம்போடு கட்டிக்கொள்வது. ஊசி, பாசி விற்க வரும் நரிக்குறவப் பெண்கள் தோளிலிருந்து குறுக்காகத் துணி கட்டிப் பிள்ளையைச் சுமந்து வருவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையும் வேலைக்கு விடுதலை. அதை ஏளனமாகப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் டோகோ என்ற ஆப்பிரிக்க நாட்டில் தொண்டு செய்யப் போன ஆன் மூர் என்ற அமெரிக்கச் செவிலியர், அங்குள்ள தாய்மார் முதுகில் பிள்ளையைக் கட்டுவதைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பியதும் அதைப் பை போலத் தைக்க வைத்து, 1969-இல் காப்புரிமையே வாங்கிவிட்டார். நாம் பழைய சேலையில் காசில்லாமல் செய்வதை அங்கே கடையில் விலை கொடுத்து வாங்கினார்கள்!

உடம்போடு கட்டுவதால் குழந்தைக்கு நன்மை உண்டா? உண்டு. கனடாவில் 1986-இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறு வார வயதில் 43 விழுக்காடு குறைவாக அழுதன. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு இது உயிர் காக்கும் முறை. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், சூட்டுப் பெட்டிகள் போதாத நிலையில், 1978-இல் மருத்துவர் எட்கர் ரே குழந்தையைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் படக் கட்டி வைக்கச் சொன்னார். இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் இதைக் கங்காரு முறை என்று சொல்லித் தருகிறார்கள். ஆனால் அத்தகைய குழந்தைக்கு இதை மருத்துவரும் செவிலியரும் காட்டித் தந்தபடிதான் செய்ய வேண்டும். எடை குறைந்த பிள்ளையைக் கட்டிக்கொண்டு வெயிலில் வேலைக்குக் கிளம்புவது கூடாது.

இனி, கட்டும் முறையைச் சொல்கிறேன். இதில்தான் நிதானம் வேண்டும்.

துணி பருத்தித் துணியாக இருக்கட்டும். நைலான், பாலியெஸ்டர் சேலையில் முடிச்சு நழுவும், காற்றும் புகாது. பழைய சேலை மெத்தென்று இருக்கும். ஆனால் இற்றுப்போன சேலை வேண்டாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நூல் விலகித் தெரிந்தால் அதைக் கரித்துணியாக்கிவிடுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பலமாக இழுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. முடிச்சு ஒன்று போதாது. முதலில் வலது முனையை இடது முனையின் மேல் போட்டு முடியுங்கள். அதன் மேலேயே இடது முனையை வலது முனையின் மேல் போட்டு முடியுங்கள். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் பாரம் ஏற ஏற முடிச்சு வழுகும். மாடு கட்டுகிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை மார்பின் முன்னால், நிமிர்ந்த நிலையில்தான் கட்ட வேண்டும். பைக்குள் போட்டது போல வளைத்துக் கிடத்தக் கூடாது. ஏனென்றால் அந்த வயதில் கழுத்து நிற்காது. தலை முன்னால் சாய்ந்து முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுக் குழல் மடிந்துவிடும். குழந்தை அழாது, துடிக்காது, தூங்குவது போலவே இருக்கும். அமெரிக்காவில் 2010-இல் அரசு நிறுவனம் ஒன்று விடுத்த எச்சரிக்கையில், அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் தோள் துணியில் வைத்த குழந்தைகளில் 14 பேராவது இறந்ததாகவும், அவர்களில் 12 பேர் நான்கு மாதம் நிரம்பாதவர்கள் என்றும் கூறியது. எனவே முகவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். நீங்கள் குனிந்தால் குழந்தையின் நெற்றியில் முத்தமிடும் உயரத்தில் அது இருக்க வேண்டும். முகத்தின் மேல் முந்தானையைப் போர்த்தாதீர்கள். கண்ணேறு படும் என்று மூடுவதானாலும் சரி, வெயிலுக்கு மூடுவதானாலும் சரி, மூக்கும் வாயும் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். பால் குடித்து முடித்ததும் மீண்டும் நிமிர்த்தி வையுங்கள்.

காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணி ஒரு முழங்காலின் மடிப்பிலிருந்து மறு முழங்காலின் மடிப்பு வரை பரவி, முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தவளை உட்கார்ந்தது போல இருக்க வேண்டும். கால்களைச் சேர்த்து நீட்டி இறுக்கிச் சுற்றினால் இடுப்பு மூட்டு விலகும் ஆபத்து உண்டு. ஜப்பானில் 1975 வாக்கில், குழந்தையின் கால்களை நீட்டிச் சுற்றாதீர்கள் என்று நாடு முழுவதும் சொல்லித் தந்தார்கள். அதற்குமுன் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இருந்த இடுப்பு விலகல், பிறகு ஆயிரத்துக்கு இரண்டு அளவுக்குக் குறைந்தது. நம் ஊரில் பிள்ளையை இடுப்பில் வைக்கும்போது கால்கள் தாமாகவே அகன்று கொள்கின்றன. பாட்டிமார் பழக்கம் இந்த விஷயத்தில் சரியானதே.

முதுகில் கட்டுவது தலை நன்றாக நின்று, உட்காரவும் பழகிய பிள்ளைக்கு மட்டும். பொதுவாக ஆறு மாதத்துக்குப் பிறகு.

கட்டிக்கொண்டு என்ன வேலை செய்யலாம்? நடக்கலாம், சந்தைக்குப் போகலாம், கோழிக்குத் தீனி போடலாம், உட்கார்ந்து உளுந்து புடைக்கலாம். நடவும் களையெடுப்பும் செய்யக் கூடாது. நாள் முழுவதும் குனிந்து நிற்கும் வேலையில் குழந்தை துணியிலிருந்து சரியும், உங்கள் முதுகும் போய்விடும். கீழே எதையாவது எடுக்க நேர்ந்தால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுங்கள். கரும்பு வெட்டு, அரிவாள், அடுப்பு, நீர் இறைக்கும் மோட்டார், கதிரடிக்கும் எந்திரம் ஆகியவற்றின் பக்கம் குழந்தையோடு போகவே வேண்டாம். இரு சக்கர வண்டியிலும் இந்தத் துணியை நம்பாதீர்கள்.

மருந்து தெளிப்பைத் தனியே சொல்ல வேண்டும். 2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்த பிறகு தெளிப்பு கூடியிருக்கிறது. பருத்தியில் முன்பே உண்டு. குழந்தையின் உடல் எடைக்கு, பெரியவருக்குத் தாங்கும் சிறு அளவும் பேரளவு. தெளிக்கும் நாளில் குழந்தை அந்தக் கழனிக்கு வரக் கூடாது. தெளித்தவர் சோப்புப் போட்டுக் குளித்து, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தொட வேண்டும். தெளிக்கும்போது தலையில் கட்டிய துண்டைக் குழந்தையைக் கட்ட எடுக்காதீர்கள். தெளிப்புத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.

குனியும் வேலைக்கு ஏணைதான் ஏற்றது. முருங்கைக் கிளை முறியும், அதில் கட்டாதீர்கள். வேம்பு, புளி போன்றவற்றில் பருத்த கிளையாகப் பார்த்து, எறும்பும் தேன்கூடும் இல்லையா என்று அண்ணாந்து பாருங்கள். துணியின் வாய் மூடிக்கொள்ளாதபடி குறுக்கே தொட்டில் கம்பு கொடுங்கள். தரையிலிருந்து அதிக உயரம் வேண்டாம். அடியில் வைக்கோலோ சாக்கோ பரப்பினால் நல்லது. வேலை செய்யும் வரிசையிலிருந்து ஏணை கண்ணுக்குத் தெரிய வேண்டும். குழந்தையை எடுத்தவுடன் துணியை அவிழ்த்துவிடுங்கள். வீட்டில் தொங்கும் வெறும் தூளியில் பெரிய பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஆடும்போது கழுத்தில் முறுக்கிக்கொண்டு உயிர் போன செய்தி நம் மாநிலத்தில் அடிக்கடி வருகிறது.

ஆண்களும் இதைக் கற்றுக்கொள்ளலாம். தோளில் துண்டு போட்டவருக்குத் தோளில் பிள்ளை கட்டுவது பெரிய வித்தை அல்ல. வெற்றுக் கையோடு முன்னே அப்பா, தலையில் சுமையும் இடுப்பில் பிள்ளையுமாகப் பின்னே அம்மா. இந்த ஊர்வலத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இரண்டு பருத்திச் சேலைகளும், 4 கிலோ அரிசி கட்டிய ஒரு பையும் கொண்டு வந்திருக்கிறேன். குழந்தையை வைத்துப் பழகுவதற்கு முன் அரிசிப் பையை வைத்துப் பழகுவோம். ஒவ்வொருவராக முன்னால் வாருங்கள். முடிச்சை நான் இழுத்துப் பார்க்கிறேன்.