விமானம் இறங்கியாச்சு, காது இன்னும் இறங்கலை

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஊர் திரும்பி இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். "டாக்டர், ஒரு காது மட்டும் கிணத்துக்குள்ள இருந்து கேக்குற மாதிரி இருக்கு. ராத்திரி படுத்தா உள்ளே ங்கொய்ன்னு ஒரே சத்தம்" என்று வருவார்கள். கூட வந்த மனைவி தயங்கித் தயங்கிச் சொல்வார்: "பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ரெண்டு தடவை விட்டேன் டாக்டர். ஒண்ணும் கேக்கலை."

கேட்காது. அடைப்பு இருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம்; எண்ணெய் நிற்பது இந்தப் பக்கம். செவிப்பறையில் கீறல் விழுந்திருந்தால் எண்ணெய் உள்ளேயே போய்ச் சேரும். அது இன்னும் வம்பு. பட்ஸ் விட்டுக் குடைவதும் அப்படித்தான்.

செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காது. காற்று நிரம்பிய சின்ன அறை. அதற்குக் காற்று வந்துபோக ஒரே வழி, மூக்கின் பின்புறம் வந்து திறக்கும் ஒரு குழாய். நீளம் மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும். 16ஆம் நூற்றாண்டில் அதை விவரித்து எழுதிய இத்தாலியர் யூஸ்டாக்கியின் பெயரால் யூஸ்டேசியன் குழாய் என்கிறோம். எந்நேரமும் மூடித்தான் கிடக்கும். எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால், ஒரு கணம் திறந்து மூடும்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். அதாவது, ஊட்டி, கொடைக்கானல் உயரம். மீனம்பாக்கத்தில் ஏறியவரின் காது சற்று நேரத்தில் ஊட்டிக்குப் போய், இறங்கும்போது மறுபடி கடல்மட்டத்துக்கு வருகிறது. ஏறும்போது சிக்கல் குறைவு. நடுக்காதில் இருக்கும் காற்று விரிந்து, குழாயைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போது அப்படி நடக்காது. வெளியழுத்தம் கூடக் கூட, குழாயைத் தசை இழுத்துத் திறந்தால்தான் காற்று உள்ளே போகும். சளி பிடித்துக் குழாய் வீங்கியிருந்தால் திறக்க மறுக்கும். செவிப்பறை உள்வாங்கும், வலிக்கும். சிலருக்கு உள்ளே நீர் கசிந்து தேங்கும், அபூர்வமாக ரத்தமும் கசியும்.

இந்த வலியை ஆகாயத்தில் முதலில் அனுபவித்தவர்களில் ஒருவர் நமக்கு வேதியியல் பாடத்தில் பழக்கமானவர்தான். சார்லஸ் விதியின் சார்லஸ். 1783 டிசம்பர் 1 அன்று பாரிசிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் கிளம்பினார். அன்று மாலை இரண்டாவது முறை தனியாக ஏறியபோது, பலூன் ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்துக்கு விறுவிறுவென்று போய்விட்டது. வலது காதில் கடுமையான வலி. இறங்கியவர் அதன்பின் பலூன் ஏறவே இல்லை. வாயு விரிவதைப் பற்றி அவர் பெயரில் விதியே இருக்கிறது, காது அதற்கெல்லாம் மசியவில்லை!

மூக்கைப் பொத்திக்கொண்டு, வாயை மூடி, மெல்ல ஊதுவது பலருக்கும் தெரியும். 1704இல் காதைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய வால்சால்வாவின் பெயர் அதற்கு. மெல்ல ஊத வேண்டும். மூச்சுமுட்ட ஊதினால் உள்காதுக்கே ஆபத்து. மூக்கைப் பொத்திக்கொண்டு எச்சில் விழுங்குவது இன்னும் சாதுவான முறை. லண்டன் காது மருத்துவர் ஜோசப் டாயின்பீயின் பெயரால் வழங்குவது. காதிரைச்சலுக்கு மருந்து தேடி, குளோரோஃபார்மையும் புருசிக் அமிலத்தையும் தானே முகர்ந்து சோதித்துப் பார்த்து, 1866இல் தன் ஆலோசனை அறையிலேயே இறந்துபோனார் அவர். அந்த இரைச்சல் எவ்வளவு படுத்தியிருந்தால் ஒரு மருத்துவர் அந்த அளவுக்குப் போயிருப்பார்!

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? 1953இல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்தார்கள். சில நிமிடங்களுக்குள் 94 விழுக்காட்டினர் ஏதோ ஒரு சத்தம் கேட்கிறது என்றார்கள். ரீங்காரம், சீழ்க்கை, இரைச்சல் என்று ஆளுக்கொன்று. வெளியிலிருந்து வரும் சத்தம் குறைந்தால் மூளை தன் ஒலியளவைக் கூட்டிவைத்துக்கொள்கிறது. காது அடைத்தவருக்கும் இதுதான் நடக்கிறது. அடைப்பு விலகினால் பெரும்பாலும் சத்தமும் அடங்கிவிடும். சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்குச் சில நாள், நீர் தேங்கியிருந்தால் சில வாரம்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். விமானத்தில் ஏற்பட்ட அடைப்பு என்று நினைத்து வீட்டில் காத்திருப்பவர்களில் ஓரிருவருக்குப் பாதிக்கப்பட்டிருப்பது கேள்வி நரம்பு. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரே சீராக இழுத்துப் பாருங்கள். அடைத்த காதின் பக்கம் சத்தம் கூடுதலாகக் கேட்டால், அது வெறும் அடைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாறாக, நல்ல காதின் பக்கம் தூக்கலாகக் கேட்டால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். இரண்டு வாரம் தாண்டிவிட்டால் வாய்ப்பு வெகுவாகக் குறையும். இந்த 'ம்ம்ம்' நம் வீட்டுச் சோதனைதான். மருத்துவரின் இசைக்கவைச் சோதனைக்கும், கேட்புத்திறன் சோதனைக்கும் மாற்றல்ல. தலை சுற்றினாலும், காதிலிருந்து ரத்தமோ நீரோ வந்தாலும், நாடித்துடிப்போடு சேர்ந்து இரைச்சல் துடித்தாலும் 'ம்ம்ம்' பார்க்கக்கூட நேரம் கழிக்க வேண்டாம்.

எல்லாம் பார்த்து, பெரிதாக ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் இரைச்சல் மட்டும் நிற்காதவர்கள் உண்டு. அவர்களிடம் "இதுக்கு மருந்தே கிடையாதுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறோம். பாதி உண்மை அது. சத்தத்தை அழிக்கும் மாத்திரை இல்லைதான். ஆனால் கேட்கும் திறன் குறைந்திருந்தால் காதுக்கருவி இரைச்சலையும் சேர்த்துத் தணிக்கும். அந்தச் சத்தம் தரும் பதற்றத்தைக் குறைக்க உளவியலாளர் தரும் பயிற்சி நன்றாகவே உதவுகிறது. ராத்திரி அறையை நிசப்தமாக்காதீர்கள். மின்விசிறி ஓடட்டும், வானொலி தணிவாகப் பாடட்டும். "இன்னும் இருக்கா, போயிடுச்சா" என்று கண்ணை மூடிக்கொண்டு மணிக்கொருதரம் காதைச் சோதிப்பதையும், நடுநிசியில் கைபேசியில் நோய் தேடுவதையும் விட்டாலே பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

கடைசியாக எல்லோரும் கேட்பது, "பத்தாம் தேதி ரிட்டர்ன் டிக்கெட் இருக்கு, போகலாமா?" அடைப்பு விடாமல், சளியும் இருந்தால், தள்ளிப்போடுங்கள். தள்ளிப்போட முடியாதவர்கள் மருத்துவரைக் கேட்டு, விமானம் இறங்கத் தொடங்குவதற்கு அரைமணி முன்னால் மூக்கடைப்புச் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளலாம். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் கேட்காமல் விட வேண்டாம். அதே மருந்தை ஒரு வாரம் தொடர்ந்தால் மூக்கே அதற்கு அடிமையாகிவிடும். கைக்குழந்தை இருந்தால் இறங்கும் நேரத்துக்குப் பாலை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது நாம் எச்சில் விழுங்குவது குறைவு. அதனால், இறங்கப்போகிறோம் என்று அறிவிப்பு வந்ததும் எழுப்பிவிடச் சொல்லிப் பக்கத்து இருக்கைக்காரரிடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.