சுற்றுச்சூழல் தகவலும் மக்களின் மொழியும்
(உரையின் எழுத்து வடிவம்)

1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவில் போபாலில் நச்சுவாயு பரவியபோது, ஆலை மதிலை ஒட்டி வாழ்ந்த மக்களுக்கு உள்ளே சேமித்து வைக்கப்பட்டிருந்த பொருள் யாதென்று சொல்லப்பட்டிருக்கவில்லை. ஆலை நிர்வாகம் அறிந்திருந்தது. அருகில் உறங்கியோர் அறியவில்லை. சுற்றுச்சூழல் தகவலை மக்களின் உரிமையாகக் கருத வேண்டியதன் காரணத்தை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி வேறில்லை.

இவ்வுரிமை 1992இல் ரியோ மாநாட்டுப் பிரகடனத்தின் 10ஆம் கோட்பாட்டில் இடம்பெற்றது. தகவல் பெறுதல், முடிவெடுப்பதில் பங்கு கொள்ளுதல், நீதி பெறுதல் ஆகிய மூன்றையும் அது ஒருங்கே வலியுறுத்தியது. ஆயினும் பிரகடனம் அரசுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதன்று. அத்தகைய கட்டுப்பாடு 1998 ஜூன் 25 அன்று டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் வந்தது. 2001 அக்டோபர் 30 முதல் அது நடப்பில் உள்ளது. தகவல் கேட்பவர் காரணம் கூற வேண்டியதில்லை. பொதுவாக ஒரு மாதத்திற்குள் விடை தரப்பட வேண்டும். அரசு தவறினால் குடிமக்களே அதன் கண்காணிப்புக் குழுவிடம் முறையிடலாம். அரசுகள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளில் இது அரிதான ஏற்பாடாகும்.

2018இல் லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகள் கோஸ்டா ரிக்காவின் எஸ்காசு நகரில் கண்ட உடன்பாடு இன்னும் ஒரு படி முன்னே சென்றது. பாதிக்கப்படும் மக்கள் ஆட்சிமொழி அல்லாத வேறு மொழி பேசுவோராயின், அவர்கள் விளங்கிக்கொண்டு பங்கேற்பதற்கு வழிசெய்வது அரசின் கடமை என்று அது விதிக்கிறது.

இந்தியா இவ்விரண்டிலும் உறுப்பு நாடன்று. எஸ்காசு உடன்பாடு அவ்வட்டார நாடுகளுக்கே உரியது. ஆர்ஹுஸ் ஒப்பந்தமோ ஐக்கிய நாடுகளின் எந்த உறுப்பு நாடும் இசைவு பெற்றுச் சேரத்தக்கது. 2023இல் ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ் அவ்வாறே சேர்ந்தது. எனினும் அவற்றின் கருத்துகள் நமக்குப் புதியனவல்ல. 1997 முதல் பொதுமக்கள் கருத்துக் கேட்பு கட்டாயமாயிற்று. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், 2010இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் வந்தன.

குறை மொழியில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மாநில அல்லது வட்டார மொழியில் தரப்பட வேண்டியது அறிக்கையின் சுருக்கமே. கிணற்று நீர் என்னவாகும், காற்றில் எவ்வளவு தூசு சேரும் என்ற விவரங்களோ பல நூறு பக்க ஆங்கில அறிக்கையில் கிடக்கின்றன. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பிரதி வைக்கப்படுகிறது. படிக்க முப்பது நாள் அவகாசமும் உண்டு. ஆனால் படிக்க இயலாதவருக்கு முப்பது நாளும் ஒன்றே, முந்நூறு நாளும் ஒன்றே! பழங்குடிப் பகுதிகளில் மாநில மொழியே பலருக்கு அயல்மொழி.

2020இல் வெளியான புதிய வரைவு அறிவிக்கை அந்த அவகாசத்தை இருபது நாளாகக் குறைக்க முற்பட்டது. அவ்வரைவும் முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வெளிவந்தது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதைப் பெயர்த்து வெளியிடுமாறு அவ்வாண்டு ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று.