வாயில் உள்ள உலோகம் ஸ்கேன் படத்தைக் கெடுக்குமா?



கோலா கிளாவாங் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டிமார்கள் சிரித்தால் தங்கப்பல் மின்னும். இன்று பிள்ளைகள் தலையெடுத்து, அம்மாவுக்கு 'இம்பிளாண்ட்' பல் வைத்துக் கொடுக்கிறார்கள். தாடை எலும்பில் ஒரு டைட்டேனியத் திருகு, அதன்மேல் பல். 1965இல் சுவீடனில் பேராசிரியர் பிரோனெமார்க் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய முறை இது. நல்ல காரியம்தான்.

ஆனால் அதே அம்மாவுக்குச் சிரம்பானில் ஸ்கேன் எடுக்க நேர்ந்தால்? சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிரால் இயங்குவது. உலோகம் கதிரை விழுங்கிவிடும். கணினி கட்டும் படத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் விழும். தங்கப்பல்லும் பாதரசம் கலந்த பழைய அடைப்பும் இதில் பெரிய குறும்புக்காரர்கள். (அந்த அடைப்பில் ஈயமும் உண்டு, நம் ஜெலுபு ஒரு காலத்தில் தோண்டியெடுத்த அதே வெள்ளீயம்!)

"நான் வைத்தது வெள்ளைச் சிர்கோனியா, உலோகமே இல்லை" என்று நிம்மதி அடையாதீர்கள். சி.டி.யில் அது டைட்டேனியத்தைவிட அதிகமாகக் கோடு போடும். காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ.யில் கதை தலைகீழ்: சிர்கோனியா சாதுவாக இருக்கும், டைட்டேனியம் பக்கத்துப் படத்தைச் சற்றுக் கெடுக்கும், கோபால்ட்-குரோமியமும் எஃகும் இன்னும் அதிகமாகக் கெடுக்கும். காந்தம் திருகைப் பிடுங்கிவிடுமோ என்று பயந்து எம்.ஆர்.ஐ.யை மறுக்க வேண்டாம். டைட்டேனியம் அப்படி இழுபடாது. கழற்றும் பல்செட்டை மட்டும் கழற்றிவிடுங்கள்; காந்தம் வைத்த செட் என்றால் கட்டாயம் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன்? மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையேதான் அதிகம். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் முக்கியக் காரணம். கட்டி வருவது ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கு. கோடு விழுவதும் அங்கேயேதான். சிறிய கட்டி அதற்குள் மறைந்துபோகலாம்.

முன்கூட்டியே சொன்னால் வழி உண்டு. கன்னத்தை ஊதச் சொல்வார்கள், வாயைத் திறந்து வைக்கச் சொல்வார்கள், கோடுகளைக் குறைக்கும் மென்பொருளும் இருக்கிறது. தேவையானால் டாக்டர் வேறு ஸ்கேனுக்கு எழுதுவார். இரண்டு வாரத்திற்குமேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால், படம் சுத்தமாக வந்தாலும் விடாதீர்கள். சதைத் துண்டு எடுத்துச் சோதிக்கக் கேளுங்கள்.

பல் வைத்த டாக்டரிடம் என்ன பொருள், எந்த நிறுவனம், எந்த ஆண்டு என்று எழுதி வாங்கி, அடையாள அட்டையோடு வைத்திருங்கள். ஸ்கேன் அறைக்குள் நுழையும்போது, தாலி, தோட்டைக் கழற்றும் முன்பே அந்தத் தாளை நீட்டுங்கள்.