ஒரு வீடு, நூறு பேர்

டப்ளினுக்கு வேலைக்கு வந்த புதுசுல நான் தங்கியிருந்தது ஒரு வீட்டோட பாதி ஹாலில். ஓனர் நடுவுல பிளைவுட் தடுப்பு வெச்சு ரெண்டு ரூமா வாடகைக்கு விட்டிருந்தார். அந்தப் பக்கம் தும்மினா, இந்தப் பக்கமிருந்தே "நூறாயுசு" சொல்லலாம்.

அந்தக் கடுப்போட ஒரு ஞாயித்துக்கிழமை ஹென்ரியேட்டா தெருவுல 14-ஆம் நம்பர் வீட்டைப் பார்க்கப் போனேன். சுவரோடு சுவர் ஒட்டிய பழைய செங்கல் வீடுகள்ல ஒண்ணு. 1740-களின் கடைசியில லூக் கார்டினர் என்பவர் பணக்காரர்களுக்காகக் கட்டியது. முதலில் குடியிருந்தவர் மோல்ஸ்வொர்த் பிரபு. ஒரே ஒரு குடும்பம், கூட வேலைக்காரங்க. அவ்வளவுதான்.

1801-ல் அயர்லாந்து பாராளுமன்றத்தைக் கலைச்சு லண்டனோட இணைச்சாங்க. அதிகாரம் போன இடத்துக்கே பிரபுக்களும் போயிட்டாங்க. வீட்டுக்குள்ள வக்கீல்கள் வந்தாங்க, நீதிமன்றம் வந்தது, அப்புறம் ராணுவம். 1870-களில் தாமஸ் வான்ஸ் அதை வாங்கி, அறை அறையாப் பிரிச்சு வாடகைக்கு விட்டார்.

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல இந்த ஒரே வீட்டில் இருந்தவங்க 100 பேர். பிரபு விருந்து வெச்ச அறையில ஒரு குடும்பம் சமைச்சு, துவைச்சு, தூங்கி எழுந்தது. நிலையான சம்பளம் இல்லாத தினக்கூலிக்கு வேலை கிடைக்கிற ஊருக்குள்ளயே இருந்தாகணும். வேற வழியில்ல. 1913 செப்டம்பரில் சர்ச் தெருவில் இதேமாதிரி ரெண்டு வீடு இடிஞ்சு விழுந்து 7 பேர் செத்தாங்க. ஆனாலும் 14-ஆம் நம்பர்ல கடைசிக் குடும்பம் வெளியேறினது 1970-களின் இறுதியில்தான்!

2018-ல் இதை மியூசியமாத் திறந்தாங்க. எனக்குப் பிடிச்சது, அவங்க பிரபு காலத்து அழகை மட்டும் காப்பாத்தலை. வாடகைக்காரங்க விட்டுப்போன வால்பேப்பர், தரை விரிப்பு எல்லாத்தையும் வெச்சிருக்காங்க. மாடிப்படிச் சுவரில் காவிச் சிவப்பும் நீலமும். அந்த நீலம் வேற எதுவுமில்ல, வெள்ளைத் துணிக்குப் போடுவோமே, அதே நீலம். அங்க வளர்ந்தவங்க சொன்ன நினைவுகளை வெச்சுதான் கைடு கதையே சொல்றார்.

ஏழு மாசத்துல நான் அந்த ரூமைக் காலி பண்ணிட்டேன். எனக்கு மாசச் சம்பளம் இருந்தது, வேற இடம் தேட முடிஞ்சது. அந்த 100 பேருக்கு அது இல்லை. ஆனா பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இன்னும் அங்கேதான் இருக்கார். ஹோட்டல் கிச்சன்ல வேலை. போகும்போது அவர் பேரைக்கூட நான் கேட்கலைங்கிறது மியூசியத்துல இருந்ததைவிட இப்போதான் உறைக்குது.

நீங்க இருக்கிற வாடகை வீட்ல உங்களுக்கு முன்னாடி யார் இருந்தாங்க? விசாரிச்சு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.