ஒரே ஒரு பொருளுக்கான தொழிற்சாலை



2024 மே 9 அன்று திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் ஒரு ராக்கெட் எஞ்சின் 665 விநாடிகள் இடைவிடாமல் எரிந்தது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலையை இயக்கும் பி.எஸ்.4 எஞ்சின் அது. 14 பாகங்களைத் தனித்தனியாகச் செய்து, 19 இடங்களில் பற்றவைத்து உருவாக்கி வந்த எஞ்சின், இம்முறை ஒரே துண்டாக அச்சிடப்பட்டிருந்தது. பழைய முறையில் ஓர் எஞ்சினுக்கு 565 கிலோ உலோகம் தேவைப்பட்டது. புதிய முறையில் 13.7 கிலோ உலோகத் தூள் போதுமானதாக இருந்தது. உற்பத்தி நேரத்திலும் 60 சதவீதம் மிச்சம். இம்மாநாடு எடுத்துக்கொண்டிருக்கும் முப்பரிமாண அச்சின் ஆற்றலை இந்த எண்களே சொல்லிவிடும்.

கடைசல் பட்டறை உலோகத்தைச் சீவிக் கழிக்கிறது. வார்ப்பட ஆலை அதை உருக்கி மோல்டுக்குள் ஊற்றுகிறது. முப்பரிமாண அச்சோ, குளவி ஈரமண்ணைச் சிறிது சிறிதாகக் கொண்டுவந்து கூடு கட்டுவதுபோல, சேர்த்துச் சேர்த்தே பொருளை எழுப்புகிறது. கணினியில் வரைந்த உருவத்தை மென்பொருள் மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துத் தருகிறது. மேசைமேல் வைக்கும் சாதாரண இயந்திரத்தில் பிளாஸ்டிக் இழை சூடான நாசில் வழியே உருகி, அடுக்கின்மேல் அடுக்காகப் படிகிறது. ஓர் அடுக்கின் தடிமன் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரைதான். இன்னொரு முறையில் திரவப் பிசினின்மீது புற ஊதா ஒளி பட்ட இடம் மட்டும் இறுகுகிறது. மகேந்திரகிரி எஞ்சின் மூன்றாவது வகையில் பிறந்தது: பரப்பிய உலோகத் தூளின்மேல் லேசர் ஓடி, வேண்டிய இடத்தை மட்டும் உருக்கி ஒட்டும், அதன்மேல் அடுத்த தூள் படலம் விழும். எந்தத் துளைக்கருவியும் நுழைய முடியாத வளைந்த உள்வழிகளைக்கூட இப்படி அமைத்துவிடலாம்.

ஜப்பானின் ஹிடியோ கொடாமா, பிசினை ஒளியால் இறுக்கும் முறைக்கு 1980இலேயே காப்புரிமை கேட்டும், அதை முழுமையாகப் பெற முடியாமல் போயிற்று. அமெரிக்காவின் சக் ஹல் 1984இல் விண்ணப்பித்து 1986இல் பெற்றார். எளியவர்களின் மேசைக்கு இயந்திரம் வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல வேண்டியது இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் போயருக்கு. தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் இயந்திரத்தை உருவாக்கும் திட்டத்தை 2005இல் தொடங்கிய அவர், அதன் வரைபடங்களை யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்துவைத்தார். இழை முறையின் அடிப்படைக் காப்புரிமை 2009இல் காலாவதியானதும் விலை மளமளவெனச் சரிந்தது.

பிளாஸ்டிக் வாளி செய்ய முப்பரிமாண அச்சு தேவையில்லை. வாளிக்கான மோல்டு செய்யப் பெரும் பணம் ஆனாலும், லட்சக்கணக்கான வாளிகளில் அந்தச் செலவு கரைந்துவிடும். ஒரே ஒரு பொருள்தான் வேண்டுமென்றால் மோல்டு செய்ய எந்த ஆலையும் முன்வராது. அச்சு முறையிலோ முதல் பொருளுக்கும் ஆயிரமாவது பொருளுக்கும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. ஒருவருக்கென்றே ஒன்றைச் செய்வது கட்டுப்படியாகும் காரியமாகியிருக்கிறது. சமுதாயத்துக்கு இதன் முதன்மையான பயன் இதுவே.

அப்படி ஒருவருக்கென்றே செய்ய வேண்டியவை மனித உடலில்தான் அதிகம். காதுக்குள் பொருத்தும் செவிப்புலன் கருவியின் கூடு இன்று ஏறக்குறைய எங்கும் அச்சிடப்பட்டே வருகிறது; ஒருவர் காது மற்றவர் காதுபோல் இருப்பதில்லையே. 2012இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்களிடம் ஒரு கைக்குழந்தை வந்தது. அதன் மூச்சுக்குழாய்க் கிளை வலுவிழந்து அடிக்கடி மடிந்து, மூச்சு நின்றுபோய்க்கொண்டிருந்தது. சி.டி. ஸ்கேனிலிருந்து அந்தக் குழாயின் அளவை எடுத்து, அதைத் தாங்கிப் பிடிக்கும் சின்னஞ்சிறு கவசமொன்றை அச்சிட்டுப் பொருத்தினார்கள். குழந்தை வளர வளர விரிந்துகொடுத்து, சில ஆண்டுகளில் உடலிலேயே கரைந்துவிடும் பொருளால் ஆன கவசம் அது. அந்த அளவில், அந்த வடிவில் உலகில் வேறு யாருக்கும் அது தேவைப்பட்டிருக்காது. குழந்தை பிழைத்தது.

வீடு அச்சிடும் செய்திகள்தான் நாளேடுகளில் பெரிதாக வருகின்றன. பெங்களூரில் 1,021 சதுர அடி அஞ்சலகம், சென்னை ஐ.ஐ.டி.யின் வழிகாட்டலுடன், 43 நாட்களில் எழுந்து 2023இல் திறக்கப்பட்டது உண்மையான சாதனை. ஆனால் கட்டடத்தில் இயந்திரம் செய்வது பெரும்பாலும் சுவர் வேலைதான். குழாயும் மின்கம்பியும் கதவும் பழைய வழியில்தான் வந்தாக வேண்டும். மருத்துவத்திலும் விண்வெளியிலும் கிடைத்த பலனோடு இதை இன்னும் ஒப்பிட முடியாது.

எச்சரிக்கையும் வேண்டும். இழை முறையில் அடுக்கும் அடுக்கும் சேரும் இடமே பலவீனமான இடம். ஒரு திசையில் இழுத்தால் தாங்கும் பொருள் மறுதிசையில் பிளந்துவிடக்கூடும். உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் தங்கிவிடலாம். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக எந்தப் பொருளையும் நோயாளியின் உடலோடு சேர்த்துவிடக் கூடாது. கோவை வார்ப்பட ஆலைகளில் பேட்டர்ன் செய்து பழகிய கைகளுக்கு, பொருள் எங்கே விரிசல் விடும் என்பது தெரியும். அந்த அனுபவமும் ஆய்வுக்கூடங்களுக்குள் வர வேண்டும்.

இம்மாநாட்டின் முதல் அமர்வு செயற்கைக் காலின் சாக்கெட், அதாவது எஞ்சிய கால் பொருந்தும் கூடு, பற்றியது. சிறுவர்கள் வளரும்போது சாக்கெட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், அச்சு முறை பொருந்தி வரும் இடம் இது. செயற்கைக் கால்களின் வலிமைச் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 10328 என்ற உலகத் தரவிதி இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செய்யப்படும் சாக்கெட்டுக்கென்று அது எழுதப்படவில்லை. ஆய்வாளர்கள் அதையே மாற்றியமைத்துப் பயன்படுத்துகிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில், குறைந்த செலவில், சாக்கெட்டை உடைத்துப் பார்க்காமலே அதன் வலிமையைச் சோதிக்கும் முறையொன்றை வகுக்க முடியுமா என்பதை இந்த அவையின் எலும்பு மருத்துவர்களும் இயந்திரப் பொறியாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து இன்று பேசத் தொடங்க வேண்டும்.