கருக்கிய வசம்பும் கறிக்கடைக் குடலும்



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்க முடியுமா என்று கேட்டபோது யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையைப் பார்த்த பிறகுதான் உதறல் எடுக்கிறது. அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் எனக்குப் பாடம் நடத்தியவர்கள். மீதிப் பேர் என் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பியவர்கள். இரு தரப்புக்கும் என் நன்றி.

கல்வராயன் மலை மூலிகைகளின் குடல் இசிவு தணிக்கும் திறன் என்பது அழைப்பிதழில் உள்ள தலைப்பு. கல்வராயன் என்றதும் வியாபாரிகளுக்கு நினைவு வருவது கடுக்காய். முதல் அமர்வு அதற்கே. ஓமமும் சீரகமும் அடுத்த அமர்வில் வருகின்றன. அவற்றில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை.

உறுப்புத் தொட்டியைப் பற்றியும் இந்த அவைக்கு விளக்கம் தேவையில்லை. உடலிலிருந்து பிரித்தெடுத்த குடல் துண்டு வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் உயிரோடு சுருங்கி விரியும் என்று 1904இல் ருடால்ஃப் மாக்னுஸ் காட்டினார். இன்றும் நாம் செய்வது அதுதான். புகைக்கரி படிந்த தாள் போய்க் கணினித் திரை வந்திருக்கிறது. விலங்குச் சோதனை விதிகள் இறுகியதால் பல கல்லூரிகளில் முயலும் கினிப்பன்றியும் போய்க் கோழி வந்திருக்கிறது. காலையில் கறிக்கடைக்காரர் தரும் குடலைக் குளிர்ந்த டைரோடு உப்புக் கரைசலில் போட்டு எடுத்து வருகிறோம். உள்ளே இருப்பதை மெல்லக் கழுவி, விரற்கடை நீளம் நறுக்கி, இரு முனையிலும் நூல் கட்டி, 37 டிகிரியில் தொங்கவிட்டுக் காற்றுக் குமிழி ஓட விடுகிறோம். அரை மணி நேரம் பொறுத்தால் துண்டு தானாக அசையத் தொடங்குகிறது. அந்த முதல் அசைவைப் பார்க்கும் முதலாண்டு மாணவரின் முகத்துக்காகவே நான் இந்தத் துறையில் நீடித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். அசிட்டைல்கோலின் விட்டுச் சுருங்க வைக்கிறோம். மூலிகைச் சாற்றை விட்டால் தளர்கிறது. 80 மில்லிமோலார் பொட்டாசியம் விட்டுச் சுருங்க வைக்கிறோம். அப்போதும் தளர்ந்தால் கால்சியம் சேனலை அடைக்கிறது என்று எழுதி, அதே வேலையைச் செய்யும் வெராபமில் மருந்தை ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறோம். கராச்சியில் அன்வருல் ஹசன் கிலானியின் குழு இந்த முறையைப் பல ஆண்டுகள் அக்கறையோடு கையாண்டது. வசம்புச் சாறு முயலின் சிறுகுடலை இவ்வழியே தளர்த்துவதாக 2006இல் எழுதியதும் அவர்களே. அந்த வேலையில் எனக்குக் குறையில்லை. செடியின் பெயரை மட்டும் மாற்றி அதே கட்டுரையைத் திரும்பத் திரும்ப எழுதும் நம்மிடம்தான் என் வழக்கு.

நம் கட்டுரைகள் எப்படித் தொடங்குகின்றன? ‘மக்கள் வயிற்றுவலிக்கு இதைக் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள்’ என்று. எப்படி முடிகின்றன? ‘ஆகவே மக்கள் வழக்கு அறிவியலால் மெய்ப்பிக்கப்பட்டது’ என்று. நடுவில் சோதித்தது என்ன? நிழலில் உலர்த்தி, இடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வற்றவைத்த பிசின். அந்தப் பிசினை இந்த மலையில் எந்தத் தாய் தன் பிள்ளைக்குக் கொடுத்தாள்?

வசம்பையே எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் அதை விளக்கெண்ணெயில் தோய்த்து, விளக்குச் சுடரில் காட்டி, மேல் முழுக்கக் கருகும்வரை சுடுவார்கள். பிறகு கல்லில் தாய்ப்பாலோ நீரோ விட்டு உரைத்து, தொப்புளைச் சுற்றித் தடவி, நாக்கில் ஒரு துளி வைப்பார்கள். சித்த மருத்துவத்திலும் வசம்பைச் சுத்தி செய்யும் முறை, சுட்டுக் கரியாக்குவதுதான். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஒயிட்லா ஐன்ஸ்லியின் நூலை நாம் யாரும் புரட்டுவதில்லை. 1813இல் சென்னையில் அச்சேறி, 1826இல் லண்டனில் ‘மெட்டீரியா இண்டிகா’ என இரண்டு தொகுதிகளாக விரிந்த நூல் அது. குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்கு வசம்பு கேட்டு நள்ளிரவில் வந்து கதவைத் தட்டினாலும் திறந்து கொடுக்காத கடைக்காரருக்குத் தண்டம் உண்டு என்று அதில் குறித்திருக்கிறார். இப்படிப்பட்ட சாட்சியை விட்டுவிட்டு, நாம் ஒருவர் கட்டுரையை ஒருவர் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

சுடுவது வெறும் சடங்கு இல்லை என்பதற்கு வேதியியல் காரணமும் இருக்கிறது. நம் நாட்டு வசம்பின் எண்ணெயில் பெரும்பகுதி பீட்டா-அசரோன். எலிகளில் வசம்பெண்ணெய் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்கா 1968இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. அசரோன் ஆவியாகக் கூடியது. நெருப்பில் ஒரு பகுதியாவது பறந்துபோகும் என்று எதிர்பார்ப்பது நியாயம். அப்படியானால் மெத்தனாலில் நாம் திரட்டுவது, பாட்டி எரித்துக் கழிக்கப் பார்த்த பொருளையேதான் என்று ஆகிறது. குழந்தை மருத்துவர்கள் வசம்பு வேண்டாம் என்று எச்சரிக்கும்போது, எந்த வசம்பு என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டாமா?

இதைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குறிப்பாக எழுதி அனுப்பினேன். “கரி ஒரு சாறு அல்ல” என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது; இந்த அரங்கில் இருந்தால் மதியச் சாப்பாட்டின்போது சந்திப்பதில் மகிழ்ச்சி.

என் வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு; அதை மறைப்பது முறையல்ல. மலைக்கு அந்தப் பக்கம் ஆத்தூர், சேலம் வட்டாரத்தில் விவசாயிகள் ஒப்பந்தத்துக்கு விளைவிக்கும் கோலியஸ், அதாவது மருந்துக் கூர்க்கன், எப்படி மருந்தானது? லக்னோ மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் கையில் கிடைத்த செடிகளையெல்லாம் ஆல்கஹாலில் ஊறவைத்துச் சலித்தது. இதன் சாறு ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, இசிவையும் தணிக்கிறது என்று 1974இல் அங்கிருந்து கட்டுரை வந்தது. அவர்கள் பிரித்தெடுத்தது கோலியோனால். ஹெக்ஸ்ட் மருந்து நிறுவனத்தின் மும்பை ஆய்வகம் பிரித்தெடுத்தது ஃபோர்ஸ்கோலின். இரண்டும் வேறு வேறு என்று சில காலம் வாதம் நடந்து, கடைசியில் ஒரே பொருள் என்று தெரிந்தது. 1981இல் சீமன், டேலி என்ற ஆய்வாளர்கள் அது அடினைலேட் சைக்ளேஸ் நொதியைத் தூண்டுவதைக் காட்டியதும், உலகம் முழுக்க ஆய்வகங்களில் அது கருவியாகிவிட்டது. ‘பாட்டியைக் கேட்டா இதைக் கண்டுபிடித்தார்கள்?’ என்று என் நண்பர்கள் மடக்குகிறார்கள்.

கேட்கவில்லைதான். லக்னோக்காரர்கள் தேடியது புதிய மூலக்கூறு. அதற்கு ஆல்கஹால் சரியான வழி. மக்கள் வழக்கை மெய்ப்பிக்கிறோம் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. நாமோ அவர்களுடைய முறையை எடுத்துக்கொண்டு வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறோம். புதுப் பொருள் தேடுகிறவர் அதை முதல் வரியிலேயே சொல்லட்டும். பாட்டியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறவர் பாட்டி கொடுத்ததைச் சோதிக்கட்டும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஒரே கிழங்கை மூன்று பங்காக்குங்கள்: பச்சையாக ஒன்று, விளக்கெண்ணெயில் வதக்கியது ஒன்று, கருக்கியது ஒன்று. மூன்றையும் நீரில் உரைத்து அதே கோழிக்குடலில் பாருங்கள். கருக்கியதில் சாம்பலின் பொட்டாசியம் சேரும். அதுவே குடலைச் சுருக்கிக் கணக்கைக் குழப்பும். ஆகவே அதே அளவு பொட்டாசியம் உள்ள வெறும் கரைசலைப் பக்கத்தில் வையுங்கள். காரத்தன்மையையும் சரி செய்யுங்கள். அசரோன் அளவை வாயு வண்ணப்பிரிகை சொல்லும். கிழங்கு எங்கிருந்து வந்தது என்றும் எழுதுங்கள். நாட்டு மருந்துக் கடை வசம்பு கர்நாடகத்தில் கொரட்டகெரே வயல்களில் விளைந்ததாகவும் இருக்கலாம். அதைக் கல்வராயன் மூலிகை என்று அச்சடிக்காதீர்கள்.

கருக்கிய வசம்பு குடலை அசைக்கவே இல்லை என்றும் முடிவு வரலாம். தொப்புளைச் சுற்றித் தடவிய கையின் சூட்டிலேயே பிள்ளை அடங்கியிருக்கலாம். அந்தப் பூஜ்யத்தையும் அச்சிட ஓர் ஆய்விதழ் வேண்டும். இங்கே பதிப்பாசிரியர்கள் மூவர் இருக்கிறார்கள்.

பிற்பகல் அமர்வில் வசம்பு பற்றி ஒரு கட்டுரை இருப்பதாக நிகழ்ச்சி நிரல் சொல்கிறது. படிக்கப்போகும் தம்பி யாராக இருந்தாலும், சுட்டதா சுடாததா என்று முதல் கேள்வியை நான்தான் கேட்பேன், தயாராக வரட்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.