வரப்பில் கிடக்கும் கல்லும் குலாலர் சூளையும்



சேலம், நாமக்கல் சமவெளியில் உழும்போது கொழுவில் இடறும் வெண்கற்களை வரப்போரம் குவித்து வைக்கிறீர்கள். அவற்றுள் வெங்கச்சங்கல் உண்டு. சில இடங்களில் பெல்ஸ்பார் கல்லும் உண்டு. பின்னது நம் பக்கத்திலிருந்து லாரி லாரியாக வெளியூர் செல்கிறது. குலாலர் வீட்டுப் பிள்ளைகளோ திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஏறி வடநாடு செல்கின்றனர்.

ஜப்பானில் மினோ என்னும் பிரதேசத்துக் குயவர்கள், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், பெல்ஸ்பார் பொடியைக் கரைத்துத் தடிப்பாகப் பூசிப் பாண்டங்களைச் சுட்டனர். அது உருகிப் பால்போல் வெளுத்தது; விளிம்புகளில் செம்மை படர்ந்தது. இதுவே ஷினோ மெருகு. நம்மவர் குற்றமென்று தள்ளும் ஊசித்துளைகளையும் அவர்கள் அழகென்றே கொண்டனர்!

இம்மெருகை 1,300 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய சூட்டில் சுடுவது பெருவழக்கு. சோடா உப்பும், போரான் கலந்த கண்ணாடிப் பொடியும் சேர்த்தால் 1,220 டிகிரி அளவிலேயே உருகும்; எரிபொருள் மிச்சமாகும். ஆயினும் நமது சூளை பெரும்பாலும் 900 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஏரி மண் பாண்டத்தை 1,220 டிகிரியில் வைத்தால் உப்பிச் சரிந்துவிடும். ஆகவே, மெருகை வாங்கிக் கொடுத்தால் போதுமென்று எண்ணிப் பொதுப்பணத்தைச் செலவிட வேண்டாம். மண்ணும் சூளையும் மாறவேண்டும். பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்து வெண்களிமண் இச்சூட்டைத் தாங்கும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் நடைபெறுகிறது. அதைக் கற்பிக்கும் நிலையமும் அங்கே உண்டு. ஊருக்கு இரு இளைஞரை முதலில் அங்கு அனுப்புங்கள். சூளையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளையெல்லாம் பெல்ஸ்பார் அன்று. சேலம் சுண்ணாம்புக் கரட்டில் எடுக்கும் மாக்னசைட்டும் வெள்ளைதான். அதுவோ உருக்காலை உலைக்கு உட்சுவராகுமளவு நெருப்பைத் தாங்குவது. தனியே பூசினால் உருகாது.

குறைந்த சூட்டில் உருகுமென்று ஈயம் கலந்த மெருகை விற்பாரும் உளர். புளிக்குழம்பும் மோரும் அந்த ஈயத்தைக் கரைத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு அது நஞ்சு. உணவுக் கலங்களுக்கு அதனை அறவே விலக்குங்கள்.

பயிற்சி முடியும்வரை பானையும் அடுப்புமே குலாலருக்குச் சோறு. 1959ஆம் ஆண்டுச் சிறு கனிம விதிகளின்படி அவர்கள் ஏரிக் களிமண்ணை இலவசமாக எடுக்க இடமுண்டு. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி அளிக்கலாம். ஏரி வற்றியிருக்கும்போதே மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். மனு எழுத எங்கள் அலுவலகத்தில் உதவுவோம்.